புதிய பாடசாலை வருகிறது: எந்தப் பிள்ளைக்கு இடம்?

கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமமொன்றின் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்த கூட்டமொன்றுக்குச் சில மாதங்களுக்கு முன்னர் போயிருந்தேன். பிரதான வீதியோரம் ஆரம்பப் பிரிவோடு புதிய பாடசாலையொன்று அமைக்கும் முன்மொழிவு பற்றிய கூட்டம் அது. வெளிநாட்டிலிருந்து கட்டட நிதி வருகிறது, காணி பார்த்தாகிவிட்டது, பிற்காலத்தில் தேசிய பாடசாலையாகத் தரமுயரும் வாய்ப்பும் இருக்கிறது என்று மேடையில் இருந்தவர்கள் சொன்னார்கள். கைதட்டல் விழுந்தது. பின்வரிசையில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு தாய் எழும்பிக் கேட்டார்: "உறுதி இல்லாத எங்கட பிள்ளையளையும் எடுப்பினமோ?"

"அம்மா, அதெல்லாம் சுற்றறிக்கைப்படிதான் நடக்கும். ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ" என்று பதில் வந்தது. அந்த அம்மா இருந்துவிட்டார். அந்தச் சுற்றறிக்கையில் என்ன இருக்கிறது என்று வேறு எவரும் கேட்கவில்லை. வெளியே வந்தபிறகு நான் விசாரித்த பெற்றோரில் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். யுத்தம் கடந்துபோன ஓர் ஊரில் அந்தத் தாள்களில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் எப்படி வேலை செய்யும் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு விடயம். 'புதிய பாடசாலை' என்று நாம் பொதுவாகச் சொல்வது மூன்று வெவ்வேறு காரியங்களைக் குறிக்கலாம். வெறுங்காணியில் அத்திவாரம் போட்டுத் தொடங்குவது ஒன்று. படையினரிடமிருந்த பாடசாலை திரும்பக் கிடைப்பது இன்னொன்று. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 2016இலும் மயிலிட்டி கலைமகள் மகா வித்தியாலயம் 2018இலும் அப்படித்தான் விடுவிக்கப்பட்டன. மூன்றாவது, ஏற்கனவே இருக்கும் மாகாணப் பாடசாலையைத் தேசிய பாடசாலையாக்குவது. பெற்றோருக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். அனுமதி விடயத்தில் அவை ஒன்றல்ல.

1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழ் வந்தன. தேசிய பாடசாலைகள் மாத்திரம் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் நேரடிப் பொறுப்பில் இருந்தன. நாடு முழுவதிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகள் இருந்தாலும், தேசிய பாடசாலைகள் நீண்டகாலமாக நானூறுக்கும் குறைவாகவே இருந்தன. 2021இல் அதை ஆயிரமாக்கும் திட்டம் தொடங்கியபோது வடக்கில் இரண்டு விதமான எதிர்வினைகள் எழுந்தன. மாகாணத்தின் அதிகாரம் பறிபோகிறது என்றார்கள் அரசியல்வாதிகள். 'எங்கட பள்ளிக்கூடத்துக்கும் நஷனல் கிடைக்குமா' என்று கேட்டார்கள் பெற்றோர். இரண்டுமே நியாயமான குரல்கள்தான். ஆனால் தேசிய பாடசாலையான பிறகு யார் உள்ளே வருவார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்ற கேள்வி இரண்டு பக்கத்திலும் பெரிதாகக் கேட்கவில்லை. பல இடங்களில் பெயர்ப்பலகைக்கு அப்பால் எதுவும் மாறவில்லை என்ற விமர்சனம் பின்னர் வந்தது. ஆனால் பெயர்ப்பலகை ஒன்றே போதும். பலகை மாறிய அடுத்த வருடமே விண்ணப்பங்கள் கூடிவிடும். விண்ணப்பம் கூடினால்தான் சுற்றறிக்கைக்கு உயிர் வருகிறது.

இடங்களைவிட விண்ணப்பங்கள் குறைவாக இருந்தால் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்கள். வன்னியின் பெரும்பாலான கிராமப் பாடசாலைகளில் இன்றைக்கு இதுதான் நிலைமை. அதனால்தான் எங்களில் பலருக்கு அனுமதிப் புள்ளிகள் கொழும்புக்காரரின், யாழ்ப்பாண நகரத்தாரின் தலையிடியாகத் தோன்றுகிறது. கேள்வி கூடிய பாடசாலையொன்று ஊருக்குள் வந்ததும் அந்தத் தலையிடி எங்களுடையதாகும்.

நாற்பது இடங்களின் கணக்கு

தரம் ஒன்று அனுமதிக்கான சுற்றறிக்கையைக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. சிறு மாற்றங்கள் வந்துபோனாலும் அடிப்படைப் பங்கீடு பல ஆண்டுகளாக ஒன்றுதான். பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25 வீதம், ஏற்கனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரருக்கு 15 வீதம், கல்வி அமைச்சின் கீழுள்ள நிறுவன ஊழியர்களின் பிள்ளைகளுக்கு 5 வீதம், இடமாற்றம் பெற்றுவரும் அரச ஊழியர்களுக்கு 4 வீதம், பிள்ளையோடு வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பியோருக்கு 1 வீதம்.

விளங்குவதற்காக நாற்பது இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபது இடங்கள் அண்மையில் வசிப்போருக்கு. பத்து பழைய மாணவருக்கு. ஆறு சகோதரருக்கு. மிச்சம் நான்கை மற்ற மூன்று வகையினரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வகைக்குள்ளும் புள்ளி அடிப்படையில்தான் தெரிவு நடக்கும். ஆகவே ஊரில் இருக்கிறோம் என்பது மட்டும் போதாது. ஊரில் இருப்பதைக் கடதாசியில் காட்ட வேண்டும்.

அண்மையில் வசிப்போர் என்ற வகையில் மூன்று விடயங்கள் பார்க்கப்படும்: வதிவிடத்தை உறுதிசெய்யும் ஆவணங்கள், விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து ஆண்டு வாக்காளர் இடாப்பு, பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம்.

ஆவணங்களில் முதன்மையானது காணி உறுதி. அது விண்ணப்பதாரியின் அல்லது வாழ்க்கைத்துணையின் பெயரில் இருந்தால் கூடிய புள்ளி. தாய் தகப்பனின் பெயரில் இருந்தால் குறைவு. இதை வன்னிக்குக் கொண்டுவந்து பாருங்கள். இங்கே பெரும்பகுதி அரச காணி. அனுமதிப்பத்திரம் பாட்டனாரின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். பாட்டனார் இறந்திருப்பார், பின்னுரித்து மாற்றப்பட்டிருக்காது. அல்லது காணிக்காரர் கனடாவில் இருப்பார், வாய்ப்பேச்சில் இருக்கச் சொல்லியிருப்பார். 1958, 1977 வன்முறைகளுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து காடுவெட்டிக் குடியேறிய குடும்பங்களில் பலர் மூன்றாவது தலைமுறையாகவும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இருக்கிறார்கள். ஊரின் பெரும்பாலான கூலி வேலைகளைச் செய்கிறவர்கள் அவர்கள்தான். மின்பட்டியல், தண்ணீர்ப்பட்டியல் போன்ற துணை ஆவணங்களுக்குச் சிறிய புள்ளி உண்டு. தற்காலிகக் கொட்டிலில் இருப்பவரிடம் அதுவும் இருக்காது.

கணவர் காணாமலாக்கப்பட்ட பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. காணியும் அனுமதிப்பத்திரமும் கணவரின் பெயரில். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாது. எடுக்கவும் கூடாது என்பது பலரின் நிலைப்பாடு. 2016இல் கொண்டுவரப்பட்ட சட்டத்திருத்தத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம். அதையும் வாங்க மறுக்கும் தாய்மார் இருக்கிறார்கள். இழப்பீட்டோடு விடயத்தை முடித்துவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு. இன்று தரம் ஒன்றில் சேரும் பிள்ளைகளின் விடயத்தில் இது பெரும்பாலும் பேரனாரைப் பற்றிய கதை. ஆனால் காணி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

வாக்காளர் இடாப்பு பார்வைக்கு நடுநிலையானது. ஐந்து வருடம் தொடர்ச்சியாக ஒரே முகவரியில் பதிவு இருந்தால் போதும், காசோ காணியோ தேவையில்லை. ஆனால் தொடர்ச்சி என்பதே எங்களுக்கு வாய்க்காத ஒன்று. முகாமிலிருந்து உறவினர் வீடு, உறவினர் வீட்டிலிருந்து வீட்டுத்திட்டக் காணி, கூலி வேலைக்காக இன்னொரு பிரதேசம் என்று மாறியவர்களின் பெயர் ஒரு வருடம் இங்கே, அடுத்த வருடம் அங்கே இருக்கும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இன்று மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பிவரும் முஸ்லிம் குடும்பங்களில் சிலரின் பதிவு இன்னமும் புத்தளத்தில் இருக்கிறது. அவர்களுக்கும் இதே கடதாசிதான் குறுக்கே நிற்கிறது. 'எங்கட பிள்ளை' என்று நாம் சொல்லும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்கிறோமா என்பதை ஊர்க் கூட்டங்களில் நேராகக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆகவே பெற்றோருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஒவ்வொரு வருடமும் கிராம அலுவலர் இடாப்புத் திருத்தப் படிவம் தரும்போது அதைத் தேர்தல் விடயமென்று தள்ளிவைக்காதீர்கள். பிள்ளை பிறந்த வருடத்திலிருந்தே அது பாடசாலை விடயமும்தான்.

வானத்தால் அளக்கும் தூரம்

தூரத்துக்குத்தான் புள்ளி கூட. அது கணிக்கப்படும் விதத்தைப் பலர் அறியமாட்டார்கள். உங்கள் வீட்டை மையமாக வைத்து, விண்ணப்பிக்கும் பாடசாலை வரையான நேர்கோட்டுத் தூரத்தை ஆரையாகக் கொண்டு ஒரு வட்டம் கீறப்படும். அந்த வட்டத்துக்குள் பிள்ளை சேரக்கூடிய வேறு அரச பாடசாலைகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். உங்கள் வீட்டுக்கு மிகக் கிட்டிய பாடசாலை அதுவாக இருந்தால் முழுப்புள்ளி.

இங்கேதான் ஒரு வேடிக்கை. நேர்கோடு என்பது காகம் பறக்கும் வழி. எங்கள் பிள்ளைகள் போவது குளக்கட்டைச் சுற்றி. ஆறு, களப்பு, சதுப்பு, ஒதுக்கப்பட்ட காடு போன்ற தடைகளால் போக முடியாத பாடசாலைகளைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்ற விலக்கைச் சுற்றறிக்கை தருகிறது. அதை நேர்முகப் பரீட்சையில் எடுத்துச் சொல்ல வேண்டியது பெற்றோர்தான். படைமுகாமும் வேலியும் இயற்கைத் தடை அல்ல. முகாமுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாடசாலை நேர்கோட்டில் அரை மைலிலும் வீதியால் நான்கு மைலிலும் இருக்கலாம். கணக்கில் அது 'கிட்டிய பாடசாலை'தான்.

இதிலிருந்து வருவது இன்னொரு உண்மை: கட்டடத்தை எங்கே போடுகிறார்கள் என்பதே முதலாவது அனுமதித் தீர்மானம். வீதியோரம் போட்டால் வீதியோரக் காணிக்காரரின் பிள்ளைகளுக்கு முழுப்புள்ளி. வீதியோரம் யாருடைய காணி இருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடை வைத்திருப்போர், உத்தியோகத்தர், பழைய குடியேற்றத்தில் முதல் பங்கு பெற்றவர்கள். உள்ளே, வாய்க்காலுக்குப் பின்னாலும் காட்டோரமும் இருப்பவர்கள் யார் என்பதும் தெரியும். சாதியை வாயால் சொல்லாமலே வரைபடத்தால் சொல்லிவிடலாம்.

மிகைப்படுத்துகிறேன் என்று யாராவது நினைத்தால் எங்கள் கல்வி வரலாற்றைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கட்டும். 1930ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்தில் உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டபோது, எதிர்ப்பில் பாடசாலைக் கொட்டகைகள் தீக்கிரையாக்கப்பட்டன. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் போன்ற அமைப்புகள் சம ஆசனத்துக்காக நின்றதும் அதே மண்ணில்தான். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்த பிறகும் பல தனியார் பாடசாலைகளின் வாசல் ஒடுக்கப்பட்ட சமூகங்களுக்குத் திறக்கவில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் எம். சி. சுப்பிரமணியம் போன்றவர்களும் போராடித்தான் 1950களின் பிற்பகுதியில் அந்த மக்களின் கிராமங்களில் அரச பாடசாலைகள் சில எழுந்தன. 1960, 1961 சட்டங்களால் பெரும்பாலான உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. தமிழ்த் தலைமைகள் அதை எதிர்த்ததற்குக் காரணங்கள் இருந்தன. அந்தப் பொறுப்பேற்பால்தான் முதல் தடவையாக ஒரு பெயர்பெற்ற பாடசாலைக்குள் கால்வைத்த பிள்ளைகளும் இருந்தார்கள். ஆகவே புதிய பாடசாலையின் இடம் எங்கே என்று கேட்பவரைக் குழப்பவாதி என்று சொல்லி இருத்தாதீர்கள். அது எங்கள் ஊர்களில் தொண்ணூறு வருடமாகக் கேட்கப்படும் கேள்வி.

தாய் எத்தனை பாடசாலையில் படித்தார்?

பழைய மாணவர் வகைக்கு வருவோம். 25 வீதம் என்பது சிறிய பங்கல்ல. பெற்றோர் அந்தப் பாடசாலையில் படித்த வருடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள், விளையாட்டு மற்றும் இணைப்பாடவிதானச் செயற்பாடுகள், பழைய மாணவர் சங்க அங்கத்துவம் என்பவற்றுக்குப் புள்ளி உண்டு.

இன்று ஐந்து வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் வன்னித் தாய்க்கு முப்பது வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2008இன் நடுப்பகுதியில் அவர் பதின்மூன்று வயது மாணவி. கிளிநொச்சியில் ஒரு பாடசாலை, பின்னர் தர்மபுரத்தில் மரத்தின் கீழ் ஒரு வகுப்பு, பின்னர் எதுவும் இல்லை, பிறகு செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் தகரக் கொட்டகை, வெளியே வந்த பிறகு இன்னொரு பாடசாலை. ஒரே பாடசாலையில் பதின்மூன்று வருடம் படித்தவருக்குக் கிடைக்கும் புள்ளி இவருக்கு எப்படிக் கிடைக்கும்? வெற்றிக் கேடயம் எங்கே? சான்றிதழ்கள் எந்தப் பதுங்குகுழியில்? பாடசாலையின் வரவு இடாப்பே எரிந்துபோயிருந்தால் படித்ததை உறுதிப்படுத்துவது யார்?

இந்த வகையில் கூடிய புள்ளி பெறுபவர் யுத்தத்தில் இடம்பெயராதவர், அல்லது முந்தியே வெளியேறி நகரத்தில் படித்தவர். யுத்தத்தை முழுமையாக அனுபவித்தவருக்கு அதற்கான தண்டனையின் மிச்சத்தைப் பிள்ளையிடம் அறவிடுகிற ஏற்பாடு இது என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம். எழுதியவர்களுக்கு அப்படியொரு நோக்கம் இருந்திருக்காது. கொழும்பின் பிரபல பாடசாலைகளில் நடக்கும் போட்டியை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி, பூநகரிக்கும் அப்படியே வருகிறது.

இந்தப் பங்கீடு கேள்விக்கு அப்பாற்பட்டதும் அல்ல. 2007இல் உயர் நீதிமன்றம் அப்போதைய அனுமதிச் சுற்றறிக்கை அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரையான சமத்துவ உரிமையோடு ஒத்துப்போகவில்லை என்று தீர்ப்பளித்தது. பின்னர் திருத்தப்பட்ட சுற்றறிக்கைகளிலும் பழைய மாணவர் வகை தொடர்ந்து இருக்கிறது. பிரபல பாடசாலைகளின் பழைய மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை யோசித்தால் காரணம் விளங்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முற்றிலும் புதிய பாடசாலைக்குப் பழைய மாணவர் கிடையாது. ஏற்கனவே படிக்கும் சகோதரரும் இல்லை. ஆகவே அந்த இடங்கள் நிரம்பாமல் மற்ற வகைகளுக்குப் போகும். அதாவது வெறுங்காணியில் தொடங்கும் பாடசாலை, முதல் சில ஆண்டுகளுக்காவது, அண்மையில் வசிக்கும் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் உரியது. இருக்கும் பாடசாலையைத் தரமுயர்த்தினால் இந்த வாய்ப்பு இல்லை. பெயர் மாறிய அன்றே பழைய மாணவர்கள் வெளியூரிலிருந்தும் விண்ணப்பத்தோடு வருவார்கள். இதனால்தான் மூன்றில் எந்த வழி என்று முதலே கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறேன். முதல் வருடம் சேரும் பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கு அடுத்தடுத்த வருடங்களில் சகோதரர் வகையில் இடம் கிடைக்கும் என்பதால், முதல் வருடப் பட்டியல் பிழைத்தால் அந்தப் பிழை நீண்டகாலம் தொடரும்.

ஒரு வீதத்தைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளையோடு வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் என்றதும் லண்டன், டோஹா என்றுதான் நினைப்போம். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பும் குடும்பங்களும் வெளிநாட்டிலிருந்து திரும்பியோர்தான். அவர்களுடைய பிள்ளைகளின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பிரசாவுரிமைப் பதிவு ஆகியவற்றைச் சரிசெய்வதற்குள்ளேயே விண்ணப்பத் திகதி முடிந்துவிடுவதுண்டு. முன்கூட்டியே கோட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரிப்பது உதவும்.

மிஞ்சும் பாடசாலை

உள்ளே போக முடியாத பிள்ளை என்ன ஆகும்? கட்டாயக் கல்வி ஒழுங்குவிதி 1998 முதல் 5 தொடக்கம் 14 வயது வரைக்கும், 2016 முதல் 16 வயது வரைக்கும் நடைமுறையில் உள்ளது. ஏதோ ஒரு பாடசாலையில் இடம் உண்டு. அந்த 'ஏதோ ஒரு' பாடசாலையைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கிராமத்தின் உள்ளே ஐந்தாம் தரம் வரைக்கும் ஒரு சிறிய பாடசாலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபது பிள்ளைகள். வீதியோரம் புதிய பாடசாலை வந்ததும் வான் பிடிக்க வசதியுள்ளவர்கள் முதலில் போவார்கள். அடுத்த வருடம் ஆசிரியர்களின் பிள்ளைகள். அதற்கடுத்த வருடம் இடமாற்றம் கேட்கும் ஆசிரியர்கள். இருபத்தைந்து பிள்ளைகளோடு இரண்டு ஆசிரியர் மிஞ்சும்போது 'மாணவர் தொகை குறைவு, மூடிவிடலாம்' என்று வலயத்தில் பேச்சு எழும். அப்போது மிஞ்சியிருப்பது நடந்துவரும் பிள்ளைகள் மாத்திரம். அவர்களுக்குத்தான் அடுத்த பாடசாலை தூரமாகும். வடக்கில் சிறிய பாடசாலைகள் மூடப்பட்ட கதைகளைக் கேட்டால் பெரும்பாலும் இந்த வரிசைதான். பிறப்பு வீதம் குறைந்ததும் வெளிநாட்டுப் பயணமும் காரணங்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் புதிய பாடசாலை முன்மொழிவில் சுற்றியுள்ள சிறிய பாடசாலைகளுக்கு என்ன நடக்கும் என்ற ஒரு பந்தியாவது இருக்க வேண்டும். நான் பார்த்த முன்மொழிவில் கட்டட வரைபடம் இருந்தது, மலசலகூட எண்ணிக்கை இருந்தது, அந்தப் பந்தி இல்லை.

மாற்றுத்திறனுடைய பிள்ளைகளுக்கான சாய்தளமும் வரைபடத்தில் தெரியவில்லை. பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதி இருக்க வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது.

காசு விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடசாலை அனுமதிக்காகப் பணமோ பொருளோ கேட்பதும் கொடுப்பதும் குற்றம். தரம் ஒன்று அனுமதிக்கு இலஞ்சம் வாங்கியதாக இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழு அதிபர்களைக் கைதுசெய்த செய்திகள் வருடம் தவறாமல் வருகின்றன. எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் வேறு உடை உடுத்தி வருகிறது. ஒரு கதிரை, ஒரு மின்விசிறி, அபிவிருத்திச் சங்கத்துக்கு 'விரும்பினால்' ஒரு தொகை. நிதி கொடுக்கும் புலம்பெயர் உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்குக் காசு தரும்போது யார் பெயரில் மண்டபம் என்று கேட்பதோடு, முதல் வருட அனுமதிப் பட்டியலையும் கேளுங்கள். உங்களுக்குத்தான் பதில் சொல்வார்கள்.

என்ன கேட்கலாம், யாரிடம்

வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. மாகாணக் கல்வி ஆளுநரின் கீழ் செயலாளர்களாலும் பணிப்பாளர்களாலும் நடத்தப்படுகிறது. புதிய பாடசாலையைப் பற்றிக் கேள்வி எழுப்ப மாகாண சபை உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத நிலையில், கேட்க வேண்டியவர் பெற்றோர்தான்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்வி அலுவலகத்துக்கோ மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கோ ஒரு கடிதம் போடலாம். சட்டத்தரணி தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். இடம் தெரிவுசெய்யப்பட்ட காரணம் என்ன, முன்மொழியப்படுவது எந்த வகைப் பாடசாலை, சுற்றியுள்ள பாடசாலைகளின் தற்போதைய மாணவர் தொகை என்ன, அரச காணியில் ஆவணமின்றி வசிப்போரின் வதிவிடத்தை எப்படி உறுதிப்படுத்துவீர்கள் என்று கேட்கலாம். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குவது முக்கியம். பிரதேச செயலாளரின் கடிதம் ஏற்கப்படுமா என்பது நேர்முகப் பரீட்சை நாளில் தீர்மானிக்கப்படும் விடயமாக இருக்கக் கூடாது.

அனுமதி தொடங்கிய பிறகு தற்காலிகப் பட்டியலும் காத்திருப்போர் பட்டியலும் பாடசாலை அறிவித்தல் பலகையில் போடப்பட வேண்டும். பிள்ளையின் பெயர் இல்லையென்றால் அதில் குறிப்பிடப்படும் காலத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். தகுதியற்றவர் சேர்க்கப்பட்டிருந்தால் ஆட்சேபனையும் தெரிவிக்கலாம். இரண்டும் எழுத்தில், பதிவுத் தபாலில். நேர்முகப் பரீட்சையில் தரப்பட்ட புள்ளிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கையொப்பம் வைக்கும் தாளில் புள்ளி வெறுமையாக இருந்தால் வைக்காதீர்கள்.

அதற்கும் சரிவராவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவும் போகலாம். அதற்கு ஒரு மாதக் காலக்கெடு. கொழும்புக்குப் போகும் செலவை நினைத்தாலே அந்த மாதம் கடந்துவிடும் என்பது உண்மைதான். அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை எல்லோருக்கும் கல்வியில் சமமான வாய்ப்பை அரசின் வழிகாட்டிக் கோட்பாடாகச் சொல்கிறது. ஆனால் அதை வைத்து வழக்காட முடியாது. வழக்காட இருப்பது 12ஆம் உறுப்புரைதான். அதில் இனம், மதம், மொழி, பால், பிறப்பிடம் ஆகியவற்றோடு சாதியும் எழுதப்பட்டிருக்கிறது.

கூட்டம் முடிந்து அந்த அம்மாவோடு ஒழுங்கை வரைக்கும் நடந்தேன். மகள் மத்திய கிழக்கில் வேலை செய்கிறார். பேத்திக்கு நாலரை வயது. காணி அவருடைய அண்ணனின் பெயரில், அண்ணன் 2009இல் முடிந்துவிட்டார். வாக்காளர் பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். "போன முறை வோட்டுப் போட்டனான் பிள்ளை, இருக்கத்தானே வேணும்" என்றார். எந்த முகவரியில் என்று கேட்டதற்கு நின்று யோசித்தார். இப்போதிருக்கும் வீட்டிலா, முந்தி இருந்த தங்கையின் வீட்டிலா என்று அவருக்கு நிச்சயமில்லை. நாளைக்கே கிராம அலுவலரிடம் போய்ப் பார்க்கிறேன் என்றார். கிராம அலுவலர் அலுவலகத்தில் இருக்கும் நாள் எது என்று படலையடியில் நின்ற பக்கத்து வீட்டுப் பெடியனிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் விடைபெற்றேன்.